பஸ் நடத்துநருக்கும் பயிற்சி வேண்டும்



தையல் கற்கச் சென்றால் ஆறு மாதப் பயிற்சி, முடிவில் ஒரு சான்றிதழ். முன்பள்ளி ஆசிரியையாக வேண்டுமானால் அதற்கும் ஒரு பயிற்சிநெறி. ஆனால் எங்கள் பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் நாள்தோறும் நம்பி ஏற்றி விடுகிறோமே, அந்தத் தனியார் பஸ்ஸின் நடத்துநர் தன் தொழிலை எங்கே கற்றார்?

பெரும்பாலும் மிதிபலகையில்தான். பாடசாலையை இடையில் விட்ட ஒரு பையன், ஊர்ப் பெயர்களைக் கூவி ஆட்களை ஏற்றத் தொடங்குகிறான். சில மாதங்களில் காசு வாங்கும் பை அவன் தோளில் ஏறிவிடுகிறது. அவனுக்கு ஆசான், அவனுக்கு முன்னால் அதே வேலையைச் செய்தவர். நல்லவரிடம் பழகினால் நல்ல பழக்கம், மற்றவரிடம் பழகினால் மற்றப் பழக்கம்.

இந்த நிலைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1958 இல் பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அதன்பின் ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் பெருகினார்கள். ஒரு பெரிய நிறுவனம் தன் ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கலாம். ஒரேயொரு பஸ் வைத்திருப்பவர், அதுவும் கடனில் வாங்கியவர், யாரைக் கொண்டு பயிற்சி கொடுப்பார்?

‘டிக்கெட் கொடுப்பதற்கு என்ன பயிற்சி?’ என்று நீங்கள் கேட்கலாம். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் எமது நாட்டில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். அவர்களில் பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. நெரிசலில் ஒரு பிள்ளை கூனிக்குறுகி நிற்கும்போது பொலிஸ் பக்கத்தில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் நடத்துநர். பஸ்ஸை நிறுத்தச் சொல்லவும், அந்த ஆளை இறக்கிவிடவும், பிள்ளையை வேறு இடத்தில் இருத்தவும் அவரால் முடியும். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்பதும், அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு என்பதும் அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

அதுமட்டுமல்ல. கர்ப்பிணிப் பெண் ஏறினால் அவள் பிடித்து நிலைகொள்ளும்வரை பஸ்ஸை எடுக்கவிடாமல் நிற்பதும், ஒருவர் மயங்கி விழுந்தால் முதலுதவி செய்வதும், ஊன்றுகோலுடன் வருபவரை ஏற்றி இறக்குவதும் கற்றுக்கொள்ள வேண்டியவை. மொழியும் அப்படித்தான். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாய் கொழும்பிலும், சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு தாய் யாழ்ப்பாணத்திலும் தரிப்பிடத்தைக் கேட்டு அறிய இயலாமல் தவிக்கக்கூடாது. ஐம்பது வாக்கியங்கள் தெரிந்தாலே போதும்.

ஆனால் பயிற்சி மட்டும் போதாது. பல தனியார் பஸ்களில் அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் அன்றைய கூலி. அதனால்தான் ‘முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க’ என்று மூச்சுமுட்ட ஆட்களை அடைக்கிறார்கள். அதனால்தான் முன்னால் போகும் பஸ்ஸைத் துரத்துகிறார்கள். பயிற்சிக்காக ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால், அன்று அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும்? ஆகவே பயிற்சி நாளுக்கும் கூலி கிடைக்க வேண்டும். நிலையான சம்பளமும் வேண்டும். பயிற்சி பெற்றவரை வைத்திருப்பது வழித்தட அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் சட்டைப்பையிலும் பழைய பழக்கம் மிதிபலகையிலும் இருக்கும்.

எமது நாட்டில் தேசிய தொழிற்தகைமை முறை இருக்கிறது. தொழில் செய்தே கற்றவர்களின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கவும் அதில் இடமுண்டு. நடத்துநரின் வேலையும் ஒரு தொழில் என்று மதிக்கப்பட்டால், அதைச் செய்பவரும் தன்னை மதிப்பார். தன்னை மதிப்பவர் பயணியையும் மதிப்பார். வேலை நேரமும் ஓய்வறையும் பாதுகாப்பும் ஒழுங்கானால், எங்கள் பெண்பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்குத் துணிந்து வருவார்கள்.

சகோதரிகளே, நாங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. பஸ்ஸில் தவறு நடந்தால் பஸ் இலக்கம், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம் 1955. பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான பொலிஸ் உதவி இலக்கம் 109. உங்கள் மாதர் சங்கத்தின் பெயரில் மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கு ஒரு கடிதம் எழுதி, ‘எங்கள் ஊர் பஸ் ஊழியர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள்.

இன்னுமொன்று. பொறுமையாக ஏற்றி இறக்கும் நல்ல நடத்துநர்களும் எங்கள் வழித்தடங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதிதாக வரும் பையன் யாரைப் பார்த்துப் பழகவேண்டும் என்பது அவருக்கும் தெரியட்டும்.