காணாத வினாவும் கலங்காத உள்ளமும்

க. பொ. த. உயர்தரப் பரீட்சையிலே இணைந்த கணிதத்திற்குத் தோற்றும் மாணவர் பலர், முன்பு கண்டறியாத வினாவொன்றைக் கண்டதும், "இஃது எமக்குப் படிப்பிக்கப்படவில்லை" என்று கூறி அதனைக் கைவிடுகின்றனர். ஆராய்ந்து நோக்கின், அவ்வினாவுக்கு வேண்டிய தேற்றங்கள் பெரும்பாலும் அவர்கள் கற்றனவாகவே இருக்கும். புதியது வினாவின் தோற்றமே. ஆகவே, குறை அறிவிலன்று, பழக்கத்திலேயே உளது.

கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகுதல் நன்றே. ஆயினும், நூறு வினாக்களின் விடைகளை நெஞ்சில் இருத்துவது ஒன்று. விடைக்கு வழி தேடப் பழகுவது பிறிதொன்று. மாதிரி விடைகளையே வாரி வழங்கும் வகுப்புகள் முன்னதை வளர்க்குமேயன்றிப் பின்னதை வளர்க்கமாட்டா. கணித அறிஞர் ஜோர்ஜ் பொல்யா 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே, வினாவை விளங்குதல், திட்டம் வகுத்தல், அதனை நிறைவேற்றல், மீள நோக்கல் என நான்கு படிகளை எடுத்துரைத்தார். நம் மாணவரோ முதலிரு படிகளையும் விடுத்து மூன்றாம் படியிலே கால்வைக்க விரைகின்றனர்.

ஓர் உதாரணம் காண்போம். அடுத்துவரும் நான்கு நேர் முழுவெண்களின் பெருக்கத்தோடு 1 ஐக் கூட்டினால் நிறைவர்க்கம் வரும் என நிறுவுக. இதனைக் கண்டு மலைப்பவன், சிறிய எண்களை எடுத்துப் பார்ப்பானாக. 1, 2, 3, 4 என்பன 25 ஐத் தரும். அது 5 இன் வர்க்கம். 2, 3, 4, 5 என்பன 121 ஐத் தரும். அது 11 இன் வர்க்கம். இந்த 5 எங்கிருந்து வந்தது? முதலெண்ணையும் இறுதியெண்ணையும் பெருக்கி 1 ஐக் கூட்ட வந்தது. 11 உம் அவ்வாறே. இனி, ஈற்றெண்கள் இரண்டின் பெருக்கம் ப எனின், இடையெண்கள் இரண்டின் பெருக்கம் எப்பொழுதும் ப + 2 ஆகும். ஆகவே, ப(ப + 2) + 1 = (ப + 1)². நிறுவல் முடிந்தது. இங்கே புதிய தேற்றம் எதுவும் வேண்டப்படவில்லை. சற்றுப் பொறுமையே வேண்டப்பட்டது.

பரீட்சை மண்டபத்திலும் இப்பொறுமை பயன்தரும். வினாத்தாளின் இரண்டாம் பகுதியிலே 7 வினாக்களுள் 5 இற்கு விடையளித்தல் போதும். எனவே தெரிந்ததை முதலிற் செய்து, தெரியாததற்குப் பின்னர் மீளலாம். "இதிலிருந்து" என்னும் சொல் வினாவிலே வருமாயின், முன்னர்ப் பெற்ற முடிபே அடுத்த படிக்கு வழிகாட்டி என்பதை உணர்க. தரவுகளுள் இன்னும் பயன்படுத்தாதது யாது என வினவுக. முழு விடையும் கைகூடாவிடினும், செம்மையான படிகளுக்குப் புள்ளியுண்டு.

விழாக் காணும் நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு பாடவேளையை முன்பு காணாத ஒரேயொரு வினாவுக்கென ஒதுக்குவோமாக. அதன் விடையை ஆசிரியர் அடுத்த வாரம்வரை கூறாதிருப்பாராக. பொறியியலிலும் பிற துறைகளிலும் பணியாற்றும் பழைய மாணவர் இடையிடையே வந்து, தாமும் விடையறியாத வினாவோடு மாணவர் முன்னிலையில் முயல்வாராக. அறிந்தவரும் தடுமாறித் தேடியே விடை காண்கின்றனர் என்பதை இளைஞர் நேரிற் காணுதல் பெரும் பயன் தரும். நாளை அவர்கள் தொழிலிலே எதிர்கொள்ளும் வினாக்களுக்கு மாதிரி விடைகள் எங்கும் அச்சிடப்பட்டிருக்கமாட்டா.