விசாரணையில்லாச் சிறை

ஒருவன் குற்றவாளியா அல்லவா என்று தீர்மானிக்கும் அதிகாரம் நீதி ஸ்தலத்துக்கு உரியதா, போலீசாருக்கு உரியதா என்று கேட்டால், பள்ளிப் பிள்ளையும் நீதி ஸ்தலத்துக்கே என்று பதில் சொல்லும். ஆனால் 1957-ல் எழுந்த இந்நாட்டு அரசியல் சட்டமோ இக்கேள்விக்கு இரண்டு விடைகள் சொல்லுகின்றது.

முதல் விடை 5-வது விதியில் இருக்கின்றது. கைது செய்யப்பட்டவனுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். அவன் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இரண்டாம் விடை 149-வது விதியில் இருக்கின்றது. நாட்டுக்கு ஆபத்து என்று முகவுரை எழுதி நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்யுமாயின், அது 5-வது விதிக்கு முரணாயினும் செல்லுமாம்! இலை போட்டுச் சோறும் பரிமாறிவிட்டு, உண்ணுமுன் இலையை இழுத்துக்கொள்வது போன்றதல்லவா இது?

இதன் வரலாறு நம் பேராவிலேயே தொடங்குகின்றது. 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் கொல்லப்பட்டனர். அவசர காலம் பிறந்தது. அதனுடன் விசாரணையின்றி அடைத்து வைக்கும் அதிகாரமும் பிறந்தது. 1960-ல் அவசர காலம் முடிந்தது, அதிகாரமோ முடியவில்லை. அவ்வாண்டே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயர் பூண்டு நிலைத்துவிட்டது. 60 நாள் போலீஸ் காவல்; பின்னர் மந்திரியின் உத்தரவால் 2 ஆண்டு; அதையும் மேன்மேலும் புதுப்பிக்கலாம். தைப்பிங்கை அடுத்த கமுந்திங் முகாம் அதன் ஞாபகச் சின்னமாயிற்று.

“குற்றமற்றவன் ஏன் பயப்பட வேண்டும்?” என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குச் சில சம்பவங்களைக் காட்டுவோம். 1988 மார்ச் 9-ல் ஈப்போ உயர்நீதி மன்றம், வக்கீல் கர்ப்பால் சிங் மீதான காரணங்களுள் ஒன்று ஆதாரமற்றதெனக் கண்டு அவரை விடுவித்தது. அன்றே அவர் மீண்டும் கைதானார். 2011 ஜூலை 2-ல் அதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் தோழர் ஐவரும் 1969-ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டு, ஜூலை 29-ல் விடப்பட்டனர். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பென்று 12 பேர் பிடிக்கப்பட்டனர். நான்கு மாதம் கழித்துச் சட்டத்துறைத் தலைவரே வழக்கைக் கைவிட்டார். குற்றமற்றவன் பயப்பட வேண்டாமெனில், இவர்கள் இழந்த நாட்களைத் திருப்பித் தருவார் யார்?

பழைய சட்டம் 2012-ல் ஒழிந்தது உண்மையே. ஆயின் அவ்வாண்டே சொஸ்மா வந்தது. மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு செல்லாமலே 28 நாள் வைத்திருக்க அது இடங்கொடுத்தது. 2014-ல் 1959-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2 ஆண்டுக் காவல் அதில் புகுந்தது. 2022 ஜூலையில் அந்த 28 நாள் அதிகாரத்துக்கு மேலும் 5 ஆண்டு ஆயுள் தரப்பட்டது. பாம்பு சட்டையை உரித்ததைக் கண்டு, பாம்பே ஒழிந்ததென்று மகிழ்வாருண்டோ?

குண்டர்களை அடக்க வேண்டாமா என்பர். வேண்டும், யாம் மறுக்கவில்லை. சாதாரணக் குற்ற விசாரணைச் சட்டமே மாஜிஸ்திரேட்டின் உத்தரவோடு, சிறு குற்றத்துக்கு 4 நாளும் பின் 3 நாளும், 14 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய பெருங்குற்றத்துக்கு 7 நாளும் பின் 7 நாளும் காவல் தருகின்றது. இத்தனை நாளிலும் சாட்சியம் தேட இயலாதெனில், குறை சட்டத்திலா, துப்புத் துலக்குவோரிடத்திலா?

தோட்டத்து மக்களே! பட்டணத்துத் தோழர்களே! லயத்தை விட்டுப் பட்டணத்தின் ஓரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், மகனைப் போலீசார் கொண்டுபோனால் தாய் தலையிலடித்துக்கொண்டு “விதி” என்று அழுகின்றாள். அழுகையை நிறுத்திக் காரணத்தைக் கேளுங்கள்; எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள்; கொண்டுபோன மணியைக் குறித்து வையுங்கள்; வக்கீலைத் தேடுங்கள். தேர்தலில் கைகூப்பி வருவோரிடம், விசாரணையில்லாச் சிறையை ஒழிப்பீரா மாட்டீரா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். இந்த விதி பிரமன் எழுதியதன்று. நாம் வாக்களித்து அனுப்பிய மனிதர் எழுதியது. மனிதர் எழுதியதை மனிதரே அழித்தெழுதலாம்.