ஆம்பளைங்க யாரும் வரலையா?

டிசம்பரில் நாங்கள் நான்கு பெண்கள் உடுமலையிலிருந்து மூணாறுக்குக் காரில் போகிறோம். சின்னாறு, மறையூர், இரவிகுளம் தேசியப் பூங்கா, வட்டவடை போகும் வழியில் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா, திரும்பும்போது பூப்பாறை, போடிமெட்டு. மூன்று நாள். இதைச் சொன்ன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "ஆம்பளைங்க யாரும் வரலையா?" மாமியார் கேட்டார். கல்லூரியில் உடன் வேலை பார்க்கும் சார் கேட்டார். அறை பதிவு செய்யப் போன் போட்டால் விடுதிக்காரரும் கேட்டார்.

"நாங்க நாலு பேர் வர்றோங்க."

"அது சரிங்க மேடம், கூட யாரு?"

நால்வரின் வயதையும் கூட்டினால் நூற்றெழுபதைத் தாண்டும். அவர் கணக்கில் நாங்கள் இன்னும் ஆள் சேர்த்தியில்லை.

இத்தனைக்கும் பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பயணங்களுக்குத் திட்டம் போட்டவள் நான்தான். புளியோதரை, வாந்தி மாத்திரை, மாமனாரின் சர்க்கரை மாத்திரை, ஆளுக்கொரு ஸ்வெட்டர், பிள்ளைக்கு மாற்று உடுப்பு இரண்டு. அதற்கெல்லாம் திட்டம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஸ்டீயரிங் பிடித்தவர்தான் "எங்களை மூணாறு கூட்டிட்டுப் போனவர்".

இந்த முறை வரைபடத்தை விரித்ததும் நான் குறித்தது காட்சிமுனைகளை அல்ல, கழிப்பறைகளை. உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர். ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அதை ஒட்டியே சின்னாறு சரணாலயம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. இந்த வழியில் ஆணும் பெண்ணும் சமமாக அடக்கிக்கொண்டு வருவது அங்கே மட்டும்தான். அந்தச் சமத்துவமும் யானை புண்ணியத்தில் வந்தது. காடு முடிந்து முதல் வளைவு வந்ததும் கார்கள் வரிசையாக ஓரங்கட்டும், ஆண்கள் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பார்கள். மலை முழுக்க அவர்களுக்குக் கழிப்பறை. நமக்கு ஒரு டீக்கடைக்குப் பின்னால், தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் இல்லாத ஒன்று. அதன் சாவியும் ஓனரிடம் இருக்கும், ஓனர் வெளியே போயிருப்பார்.

அதனால் நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே நிறுத்திவிடுகிற பெண்களை எனக்குத் தெரியும். என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பயணப் பாடமே "தண்ணி ரொம்பக் குடிச்சிராதடி" என்பதுதான். நானும் வெட்கமில்லாமல் அதை என் மகளுக்குச் சொன்னேன். போன தடவை எங்களில் ஒருத்தி நீர்க்கடுப்போடு திரும்பி, ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாள். பயணத் தேதியையும் விடுமுறையைப் பார்த்தா முடிவு செய்கிறோம்? நாலு பேருடைய மாதவிலக்குத் தேதியையும் பார்த்த பிறகுதான் நாள்காட்டியில் கைவைக்க முடிந்தது.

இதையெல்லாம் யாரும் 'பாதுகாப்பு' என்று சொல்வதில்லை. உள்ளே தாழ்ப்பாள், வழியில் வெளிச்சம், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பஸ் என்று கேட்டால் அது வசதி. போகாதே என்று சொன்னால் மட்டும் அது பாதுகாப்பு. காட்டுச் சாலையில் யானைக்காக வைத்திருக்கும் பலகையைப் பாருங்கள்: ஹாரன் அடிக்காதே, இறங்காதே, தீனி போடாதே, படம் எடுக்க நிறுத்தாதே. எல்லாம் வண்டியில் வருகிறவனுக்குச் சொன்னது. காட்டைவிட்டு வெளியே போகாதே என்று யானைக்கு யாரும் பலகை வைக்கவில்லை. ஊருக்குள் மட்டும் பலகை திரும்பிக்கொள்கிறது. தொந்தரவு செய்கிறவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது, தொந்தரவுக்கு ஆளாகிறவளுக்கு நூறு விதி.

இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவையே பூட்டிவிடுகிறார்கள். அதற்காகத்தான் நாங்கள் டிசம்பரில் போகிறோம். ஒரு தாய் நிம்மதியாக ஈனுவதற்காகச் சுற்றுலா வருமானத்தை விட்டுக்கொடுக்க ஓர் அரசாங்கத்தால் முடிகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். மனம் வைத்தால் முடியும் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

"இதெல்லாம் கார் வெச்சிருக்கிற பெண்களோட கவலை" என்றார் தோழர் ஒருவர். அவர் ஆண் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சரி, காரைவிட்டு இறங்குவோம். மறையூர் தாண்டி மேலே ஏறினால் இருபுறமும் தேயிலை. அந்தச் சரிவில் குனிந்து கொழுந்து பறிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தமிழ்ப் பெண்கள். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் போதுமான கழிப்பறை வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. அந்தச் சரிவில் நின்று சுற்றிப் பாருங்கள், ஒரு கதவு கண்ணில் படுகிறதா என்று. நான் மூன்று நாள் அடக்குவதை அவர்கள் முப்பது வருஷம் அடக்குகிறார்கள். இது காரின் கவலையா, உடம்பின் கவலையா என்று தோழர் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கேட்கப் போகும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. 2015 செப்டம்பரில், ஒரு நாள் கூலி 232 ரூபாயாக இருந்தபோது, 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு ஊருக்குள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். பெம்பிளை ஒருமை என்று பெயர். தங்கள் சார்பில் பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டிவிட்டார்கள். 'ஆம்பளைங்க யாரும் வரலையா' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் கேட்டதில்லை. கேட்ட 20 சதவீதத்தையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

சுற்றுலாக் கையேடுகள் தரும் 'அருகில் காண வேண்டிய இடங்கள்' பட்டியலில் அந்தச் சாலை கிடையாது. எங்கள் பட்டியலில் இரண்டாம் நாள் காலையில் முதல் இடம் அதுதான்.

அறை கிடைத்துவிட்டது, வேறொரு விடுதியில். போனை எடுத்தது ஓர் அம்மா. எத்தனை பேர் என்று கேட்டார், நாலு என்றேன், "வாங்க" என்றார். வண்டி முதல் நாள் நான் ஓட்டுகிறேன். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு இரண்டு, குடித்துக்கொண்டே போவதாக முடிவு. முடியாதபோது ஓட்டலோ, பெட்ரோல் பங்கோ, அரசாங்க அலுவலகமோ, எது கண்ணில் படுகிறதோ அங்கே போய்க் கேட்போம். சாவி ஓனரிடம் இருக்கிறது என்றால், ஓனர் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்போம், நாலு பேரும்.