அபிமானமும் தராசும்

சங்கீத ரசிகர்களும் கிரிக்கெட் ரசிகர்களும் ஓயாமல் சண்டை போடுகிறார்களே என்று அங்கலாய்க்கிறவர்களின் கட்சியில் நான் இல்லை. சண்டை போடட்டும்; நன்றாகவே போடட்டும். ஒரு பாட்டுக்காகவோ ஒரு பந்துக்காகவோ இரண்டு பேர் தொண்டை வறளக் கத்துகிற ஊரில் இன்னும் உயிர் இருக்கிறது என்றுதான் அர்த்தம். என் வழக்கு வேறு. அவர்கள் எதற்காகக் கோபப்படுகிறார்கள், எதற்காகக் கோபப்படாமலே இருந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில், சேரங்கோடு என்று ஓர் ஊர் இருக்கிறது. உதகமண்டலத்துக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தேயிலைத் தோட்டம், லயத்து வீடுகள், நடுநடுவே காடு, காட்டில் யானை. கொஞ்ச தூரம் போனால் கேரள எல்லை, வயநாடு. டீக்கடை பெஞ்சியின் ஒரு முனையில் தமிழ், மறு முனையில் மலையாளம். இப்பேர்ப்பட்ட ஊரில் 2025 நவம்பர் 15-ஆம் தேதிச் செய்தி என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குச் சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. சாம்சன் கேரளத்துப் பிள்ளை. 2021 முதல் ராஜஸ்தான் அணிக்குத் தலைவராக இருந்தவர். ஜடேஜாவோ 2012-இல் சென்னைக்கு வந்தவர். 2023-இல் ஆமதாபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் வேண்டியிருந்தபோது, ஒரு ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர்.

இப்படிப்பட்டவரை அனுப்பலாமா? அனுப்பியதோடு, 18 கோடியாக இருந்த அவருடைய மதிப்பை 14 கோடியாகக் குறைக்கலாமா? "நன்றி கெட்டவர்கள்!" என்கிறது பெஞ்சியின் ஒரு முனை. "எங்கள் சஞ்சுவுக்கு என்ன குறைச்சல்?" என்கிறது மறு முனை. டீ ஆறிப்போகிறது, வாதம் ஆறுவதில்லை.

அதே பெஞ்சியில் இளையராஜாவா ரஹ்மானா என்ற சண்டையும் நடக்கும். அதைப் பற்றியும் எனக்கு வருத்தம் கிடையாது. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, விசுவநாதனின் பரம ரசிகர்கள் முகத்தைச் சுளித்தார்கள். 1992-இல் 'ரோஜா' வந்தபோது, அப்படி முகம் சுளிக்கிற முறை இளையராஜாவின் ரசிகர்களுக்கு வந்தது. ஆனால் நடந்தது என்ன? விசுவநாதனும் இளையராஜாவும் சேர்ந்தே 1986-இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இசை அமைத்தார்கள். ரஹ்மானோ, தனியாக இசை அமைக்க வருவதற்கு முன், இளையராஜாவின் குழுவிலேயே கீபோர்டு வாசித்தவர். வித்துவான்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய ரசிகர்கள்தாம் ஒரே பெஞ்சியில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். போகட்டும். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எதிர்க்கட்சிக்காரனை மடக்குவதற்காகவாவது ஒரு பாட்டைப் பத்துத் தடவை கேட்கிறார்களே, அது லாபந்தான்.

ஆனால், ஜடேஜாவுக்கும் சாம்சனுக்கும் இடையே தராசைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் வாதாடுகிறவர்கள், கொடுத்த அணியும் வாங்கிய அணியும் எவை என்பதைச் சற்றே நினைத்துப் பார்த்தார்களா? 2015 ஜூலை 14-ஆம் தேதி, நீதிபதி லோதா குழு இரண்டே இரண்டு அணிகளை இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. ஒன்று சென்னை, மற்றொன்று ராஜஸ்தான். 2025-இல் ஆள் மாற்றிக்கொண்ட அதே இரண்டு அணிகள்!

விவரம் மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2013 மே மாதத்தில் ராஜஸ்தான் அணியின் வீரர்கள் மூவரை டில்லிப் போலீசார் கைது செய்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு, சொன்ன ஓவரில் சொன்னபடி ஓட்டம் கொடுத்தார்கள் என்பது புகார். அந்த மூவரில் ஸ்ரீசாந்த் கேரளத்துக்காரர். சில நாட்களில் பம்பாய்ப் போலீசார் குருநாத் மெய்யப்பனைக் கைது செய்தார்கள். அவர் யார்? கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும், சென்னை அணியை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் நிர்வாக இயக்குநராகவும் இருந்த சீனிவாசனின் மாப்பிள்ளை. அணியின் சொந்தக்காரர் அல்ல, வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்று சொல்லிப் பார்த்தார்கள். நீதிபதி முத்கல் குழு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அணியின் அதிகாரியாகவே நடந்துகொண்டார், பந்தயம் கட்டினார், அணியின் உள்விவரங்களை வெளியே சொன்னார் என்பது அந்தக் குழுவின் முடிவு. வாரியத்தில் பதவி வகிக்கிறவரே அணியையும் வைத்துக்கொள்ளலாம் என்று வசதியாகத் திருத்தப்பட்ட விதியை 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று தள்ளியது. நடுவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற சங்கத்தின் தலைவரே ஆட்டத்தில் ஒரு கட்சியாகவும் இருக்கலாம் என்றால், அதற்கு ஆட்டம் என்று எதற்குப் பெயர்?

இதைப் பெஞ்சியில் எடுத்துப் பாருங்கள். தமிழ் முனைக்கு ஸ்ரீசாந்தின் குற்றப்பத்திரிகை மனப்பாடம், சென்னை அணியின் கதையைக் கேட்டால், "ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்?" என்று பதில் வரும். மலையாள முனைக்கு மெய்யப்பன் கதை மனப்பாடம். ஸ்ரீசாந்த் என்றால், "2015-இல் டில்லி நீதிமன்றம் விடுவித்துவிட்டதே, வாழ்நாள் தடையையும் 2019-இல் சுப்ரீம் கோர்ட் நீக்கிவிட்டதே" என்பார்கள். இரண்டு பதிலும் பொய்யல்ல. தடை ஏழு ஆண்டாகக் குறைந்ததும் உண்மை. சென்னை ஆட்டக்காரர்கள் எவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை என்பதும் உண்மை. ஆனால் கவனியுங்கள்: எதிரியின் குற்றத்தில் வக்கீலாகவும், தன் ஆளின் குற்றத்தில் சாட்சியாகவும் இருக்கிறவன், எந்த இடத்திலும் நீதிபதியாக இருக்கச் சம்மதிப்பதில்லை. விற்றதற்கு அழுகிறான், ஏமாற்றியதற்கு அழமாட்டேன் என்கிறான்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று.

முதல் சமாதானம்: "எல்லோரும் செய்வதுதானே!" சேரங்கோட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். காலையிலிருந்து அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று பறித்த கொழுந்தைச் சாயங்காலம் நிறுவைக்குக் கொண்டுவருகிறாள். முள் அசையும்போது அவள் கண் இமைப்பதில்லை. அரைக் கிலோ குறைத்து எழுதினால், கணக்குப்பிள்ளை தன் ஊர்க்காரரா, தன் மொழிக்காரரா என்று பார்க்காமல் சண்டைக்கு நிற்பாள். "பக்கத்து எஸ்டேட்டில் ஒரு கிலோவே குறைக்கிறார்கள், இது பரவாயில்லை" என்று எவனாவது அவளுக்கு ஆறுதல் சொல்ல முடியுமா? கூலிக் கணக்கில் செல்லாத நியாயம் கிரிக்கெட்டில் மட்டும் எப்படிச் செல்லும்?

இரண்டாம் சமாதானம்: "விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?" எடுத்துக்கொள்ளத்தான் சொல்கிறேன். ஆட்டத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவர்கள் பந்தயம் கட்டியவர்கள். அவர்களுக்கு அது வியாபாரம். முடிவு தெரியாத ஒன்றைப் பார்க்கிறோம் என்ற நம்பிக்கைதான் ரசிகனின் விளையாட்டு. அந்த நம்பிக்கையைத் திருடுகிறவனைக் கண்டிப்பது விளையாட்டுக்கு விரோதமா, திருட்டுக்கு விரோதமா?

மூன்றாம் சமாதானம்தான் மிகவும் இனிப்பானது: "ஆயிரம் இருந்தாலும் நம்ம டீம்." இந்த 'நம்ம' என்ற சொல்லை நான் கேலி செய்யவில்லை. 2018-இல் சென்னை அணி திரும்பி வந்த சமயம், காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து பூனாவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயிலில் ஏறிப் பூனாவுக்கே போனார்கள். அந்த ஆண்டு கோப்பையும் கிடைத்தது. அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் 'நம்ம' என்றால் என்ன பொருள்? ஜடேஜாவை மாற்றும்போது உங்களைக் கேட்டார்களா? லாபத்தில் ஒரு காசு கொடுத்தார்களா? அபகீர்த்தி வந்தபோது மட்டும் அது 'நம்ம' அணியாகிவிட்டது. முதலாளியின் மானத்தைக் காப்பாற்ற, சம்பளம் இல்லாத வக்கீல்கள் லட்சக்கணக்கில் கிடைத்தார்கள். ஏமாற்றப்பட்டவனே ஏமாற்றியவனுக்காக வாதாடுகிற வேடிக்கை வேறு எந்தத் தொழிலில் நடக்கும்?

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம்; நம்மவர்களுக்குக் கிரிக்கெட் மாதிரி அவர்களுக்கு அது. 1919-இல் காசு வாங்கிக்கொண்டு இறுதிப் போட்டியைத் தோற்றார்கள் என்று சிகாகோ அணியின் எட்டு ஆட்டக்காரர்கள் மீது வழக்கு வந்தது. 1921-இல் ஜூரிகள் விடுதலை செய்தார்கள், மன்றத்திலேயே ஆரவாரம்! மறுநாளே, லாண்டிஸ் என்ற அதிகாரி எட்டுப் பேரையும் ஆயுள் முழுவதும் விலக்கினார். தண்டனை கடுமையா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் ஆரவாரம் செய்த கூட்டத்தைவிட, அந்த ஒரு மனிதர்தான் டிக்கெட் வாங்கியவனின் பக்கம் நின்றார். நூறு ஆண்டு கழித்து என்ன ஆயிற்று? 2017-இல் ஹூஸ்டன் அணி, எதிரணியின் சைகைகளைக் காமிரா வைத்துத் திருடிக் கோப்பையையும் வென்றது. 2020-இல் விசாரணை முடிந்து 50 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். கோப்பை அவர்களிடமே இருக்கிறது. ஆட்டக்காரர் ஒருவருக்கும் தண்டனை இல்லை. 1921-இல் இருந்த வெட்கம் 2020-இல் பண விஷயமாகச் சுருங்கிவிட்டது.

அப்படியானால் ஆட்டக்காரரை மாற்றியதற்காக ரசிகன் அழுவது தவறா? தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த அழுகைக்குள் ஒரு நல்ல உணர்ச்சி இருக்கிறது: மனிதனைச் சரக்குப் போலக் கைமாற்றக் கூடாது என்பது. 1969-இல் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பு இனத்து பேஸ்பால் வீரரை செயின்ட் லூயி அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. நான் போகமாட்டேன், நான் வாங்கி விற்கும் பொருளல்ல என்று அவர் மறுத்து, சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1972-இல் வழக்குத் தோற்றது. அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துபோயிற்று. நம் ஜடேஜாவே, 2010-இல் தனக்கு வேண்டிய அணியைத் தானே தேடிப் பேசப் போனார் என்பதற்காக அந்த ஆண்டு முழுவதும் ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர்தான். அணி ஆட்களைத் தேடலாம். ஆள் அணியைத் தேடினால் குற்றம்!

சேரங்கோட்டுக்கு இந்த விஷயம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமை இன்றி இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலையை எண்ணினார்கள், மனத்தைக் கேட்கவில்லை. அப்படி வந்து சேர்ந்தவர்களுக்காகத்தான் 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அதுதான் பிறகு டான்டீ ஆயிற்று. சேரங்கோட்டுத் தோட்டமும் அதில் ஒன்று. டீக்கடை பெஞ்சியில் ஜடேஜாவுக்காகக் கண் கலங்குகிற இளைஞனின் பாட்டி ஒருவேளை அந்தக் கணக்கில் ஒரு எண்ணாக வந்தவளாக இருக்கலாம்.

இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஜடேஜாவுக்கு 14 கோடி உண்டு. சம்மதம் சொல்லும் உரிமையும் உண்டு. பாட்டிக்கு இரண்டும் இல்லை. ஆனால் அவளுடைய பேரனுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது: மேலே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களை, 'நம்மவர்கள்' என்ற ஒரே காரணத்துக்காக நம்பிவிடக் கூடாது. டில்லியும் அவளுக்கு 'நம்ம' டில்லிதான். கொழும்பும் ஒரு காலத்தில் 'நம்ம' கொழும்புதான்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இந்தப் பழக்கம் மைதானத்தோடு நிற்பதில்லை. தன் அணியின் மோசடிக்குச் சாக்குச் சொல்லிப் பழகிய நாக்கு, நாளைக்குத் தன் ஜாதிக்காரனின் மோசடிக்கும், தன் சங்கத்துத் தலைவனின் மோசடிக்கும், தான் ஓட்டுப் போட்டவனின் மோசடிக்கும் அதே சாக்கைச் சொல்லும். அதற்கு வேறு பயிற்சி வேண்டியதில்லை.

ஆகவே ரசிகப் பெருமக்களே, சண்டையை விட்டுவிடாதீர்கள். சாம்சன் அடிக்கும்போது விசில் அடியுங்கள். ராஜஸ்தான் சட்டையில் ஜடேஜா வரும்போதும் ஒரு விசில் மிச்சம் வையுங்கள். இளையராஜாவா ரஹ்மானா என்று விடிய விடியக் கத்துங்கள். ஆனால் அணியின் கணக்கில் தப்பு என்று செய்தி வரும் நாளில், வக்கீல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நிறுவையில் நிற்கும் அந்தப் பெண்ணைப் போல நில்லுங்கள். தராசு யாருடையது என்று அவள் கேட்பதில்லை. முள் எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்கிறாள்.