உழவு இயந்திரம் வாங்குவோர் சிந்திக்க!

முருங்கன் கருங்களி எவருக்காகவும் காத்திராது. காய்ந்தால் இறுகி வெடிக்கும். நனைந்தால் சில்லைப் பற்றிக்கொள்ளும். இடைப்பட்ட சில நாள்களே உழவுக்கு உகந்தவை. அந்நாள்களில் இயந்திரம் பழுதுற்று நின்றால், கட்டுக்கரைக்குளம் நிரம்பி வழிந்தும் பயன் என்ன? காலபோகம் கைநழுவிப் போகும்!

ஆகவே, பழைய உழவு இயந்திரத்தைக் கழித்துச் சிறியதொன்று வாங்க எண்ணும் மன்னார்க் கமக்காரரும், வயலுடைய ஆசிரியர், இலிகிதர் முதலியோரும் வண்ணப்பூச்சையும் குதிரைவலுவையும் கண்டு மயங்கலாகாது. "கிளச்சுத் தட்டு எங்கே கிடைக்கும்? பழுதுபார்ப்பவர் வயலுக்கு வருவாரா? எத்தனை நாளில்?" என்று முகவரைக் கேட்டல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் கொழும்புக்குக் கைகாட்டுபவர் முகவரல்லர், வெறுந் தரகரே!

2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றதை நாம் மறந்தோமா? ஏக்கருக்கு எவ்வளவு டீசல் செலவாகும் என்பதை நம் சேற்றிலேயே உழுது காட்டட்டும். தவணைத் தாளில் ஒப்பமிடுமுன் வட்டி முழுவதையும் கூட்டிப் பார்ப்போம்.

தனியொருவர் கேட்டால் முகவர் புன்னகைப்பார். கமக்காரர் அமைப்புகள் ஒன்றுகூடிக் கேட்டால் எழுந்து நிற்பார். அருகிலேயே பணிமனையும் உதிரிப்பாகமும் வைக்க எழுத்தில் உறுதி தராதவருக்கு நம் பணம் ஒரு சதமும் இல்லை எனத் தீர்மானிப்போம்!