டிராயிங் பீரியட் எங்கே போச்சு?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வைத்திருப்பார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்ளே மண் படிந்துகொண்டே வரும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். இதையெல்லாம் செய்பவர்களில் பெண்கள் நிறைய. சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறார். மெல்லிய பிரஷ், ஒரே இழுப்பு, இரண்டு கண்ணும் பிசகாது. அவர் மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "உங்க ஸ்கூல்ல டிராயிங் உண்டா பாப்பா?" என்று கேட்டேன். "டைம் டேபிள்ல இருக்கு மாமா. அந்தப் பீரியட்ல மேத்ஸ் மிஸ் வந்துடுவாங்க" என்றாள்.

வயிறு எரிகிறது. நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே இருக்கிறது. சூளை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு நிறுவனம்கூட இந்த ஊரிலேயே இருக்கிறது. இவ்வளவும் இருந்து, இந்த ஊர்ப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒரு பிடி களிமண்ணைத் தொட்டதில்லை.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் படித்தால், கலைக்கென்று பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரைப் போட்டார்கள். வாரம் மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அரை நாள் வாத்தியாரை வைத்துக்கொண்டு முழுக் கலையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

"படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி போய்விடலாம். அங்கே 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் படித்துப் போனவர்கள் நாடு முழுக்கப் பெயர் பெற்ற மண்கலைஞர்களாக இருக்கிறார்கள். மண் ஒன்றுதான். அங்கே உருவத்தை யோசிக்கக் கற்றுத்தருகிறார்கள். இங்கே ஊற்றக் கற்றுத்தருகிறோம். சென்னையில் 1850-ல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியில் பீங்கான் கலைக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் சேருவதற்கு வரைந்து காட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷம் படம் வரையவிடாமல் வளர்த்த பிள்ளை அங்கே போய் என்ன வரையும்? கண் எழுதுகிற தாயின் மகளும் கடைசியில் அதே ஷெட்டுக்குத்தான் போவாள், யாரோ யோசித்த பொம்மைக்குக் கண் எழுத.

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் நீங்கள்தான். அடுத்த கூட்டத்தில் டைம் டேபிளை வாங்கிப் பாருங்கள். டிராயிங் பீரியடில் டிராயிங்தான் நடக்க வேண்டும், மாதம் ஒரு நாளாவது பிள்ளைகளைப் பீங்கான் ஷெட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.