"இதெல்லாம் சகஜம்" என்று சொல்லாதீர்கள்

பாயான் பாருவில் குடியிருந்து பாயான் லெப்பாஸ் ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்களில், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காதவர்கள் உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏற ஆசையிருந்தும் அடிவாரத்திலேயே நின்றுவிடும் அம்மாக்களும் உண்டு. இருமினால், தும்மினால், படியேறினால் சிறுநீர் கசிந்துவிடுமோ என்ற பயம். "பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். சகஜம்தான். ஆனால், சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இடுப்பெலும்புக்கு அடியில் தூளிபோல் விரிந்திருக்கும் தசைகள்தான் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. பிரசவத்தில் இவை இழுபட்டுத் தளர்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஏற்படும் ஈஸ்ட்ரோஜன் குறைவு, உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவை தளர்ச்சியைக் கூட்டும். மிகவும் தளர்ந்தால் கருப்பையே கீழிறங்கலாம்.

பிரசவத்துக்குப் பின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டும் வழக்கம் நம்மிடமும் மலாய்க்காரர்களிடமும் உண்டு. வெளியே கட்டும் துணி உள்ளே இருக்கும் தசைக்கு வலு தராது. பயிற்சிதான் தரும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் விளக்கிய பயிற்சி இது: காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். சிலர் உள்ளிழுப்பதற்குப் பதிலாக முக்கிக் கீழே தள்ளிவிடுவார்கள். அதனால் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொள்வது நல்லது. கருப்பை இறக்கத்துக்கு உள்ளே பொருத்தும் சிலிக்கான் வளையமும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க மலேசியர்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். ஆக, பெரிய தடை பணமல்ல, கூச்சம். அதை உடைக்கும் பொறுப்பைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. பிரசவமான வீட்டுக்கு வரும் தாதி தாயின் ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் தொப்புளையும் பார்க்கிறார். "சிறுநீர் கசிகிறதா அம்மா?" என்றும் அவர் தவறாமல் கேட்கட்டும். பாப் ஸ்மியர் சோதனைக்கு வருபவர்களிடமும், சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வருபவர்களிடமும் இதே கேள்வி எழட்டும். அரை நிமிட வேலை.

அதுவரை, சகோதரிகளே, அவர்கள் கேட்கக் காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். சிறுநீரில் ரத்தமோ வலியோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.